அந்த ஆரஞ்சு காரின் கூரையில் இருப்பது எந்தக் கொடி? அமெரிக்கத் தெற்கைக் காட்டும் படங்கள், தொடர்கள் பற்றி ஒரு சந்தேகம்

திரைக்கழகம்_செயலர் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் திரைப்படக் கழகத்தில் அடுத்த மாதம் 'திரையில் அமெரிக்கத் தெற்கு' என்று மூன்று மாலை அமர்வுகள் வைக்கிறோம். முதல் நாள் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்திலிருந்து சில பகுதிகள், இரண்டாம் நாள் 'கான் வித் த விண்ட்' (1939) முழுப்படம், மூன்றாம் நாள் 'த ட்யூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' தொடரில் இரண்டு எபிசோடுகள். இந்தத் தொடரில் வரும் ஆரஞ்சு காரின் கூரையில்தான் அந்தக் கொடி இருக்கிறது.

அறிவிப்பு போட்டதுமே வாட்ஸ்அப் குழுவில் கலவையான கருத்துகள். "கார் பறக்கிற சீன் செம", "ஒரு பழைய கொடிக்கு ஏன் இவ்வளவு சண்டை", "அந்தக் கொடி இருக்கிற படத்தையே போடக் கூடாது" என்று மூன்று பக்கமும் பேச்சு. எனக்குத் தெரிய வேண்டியவை:

அந்தப் பெருக்கல் குறிக் கொடி (சிவப்பில் நீலப் பெருக்கல் குறி, அதில் வெள்ளை நட்சத்திரங்கள்) கன்ஃபெடரேட் மாநிலங்களின், அதாவது உள்நாட்டுப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்த தெற்கு மாநிலங்களின், தேசியக் கொடிதானா? உள்நாட்டுப் போர் படங்களில் கொடி சரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1979-ல் வந்த தொடரின் மறுஒளிபரப்பை 2015-ல் ஏன் நிறுத்தினார்கள்? அறிமுக உரை எவ்வளவு நேரம் இருக்கலாம், போஸ்டரில் அந்தக் காரைப் போடலாமா?

---

கொடித்துணி:

முதல் இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன். அந்தக் கொடி தனியாக ஒருநாளும் தேசியக் கொடியாக இருந்ததில்லை. அது போர்க்கொடி, படைப்பிரிவுகள் களத்தில் பிடித்தது. கன்ஃபெடரேட் அரசின் தேசியக் கொடி நான்கு வருடத்தில் இரண்டு முறை மாறியது, மொத்தம் மூன்று கொடிகள்.

முதலாவது 1861 மார்ச் 4, அலபாமாவின் மான்ட்கோமரியில் ஏற்றப்பட்டது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை, மூலையில் நீலக் கட்டம், அதில் வட்டமாக 7 நட்சத்திரம். மாநிலங்கள் சேரச் சேர நட்சத்திரம் 13 வரை போனது. 'ஸ்டார்ஸ் அண்ட் பார்ஸ்' என்ற பெயர் இந்தக் கொடிக்குத்தான் பொருந்தும். பெருக்கல் குறிக் கொடியை அந்தப் பெயரில் அழைக்கிற கட்டுரையை நம்பிக் குறிப்பு எடுக்காதீர்கள்.

இந்த முதல் கொடியில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. காற்றில்லாமல் தொங்கும்போது வடக்குப் படையின் அமெரிக்கக் கொடி மாதிரியே தெரியும். 1861 ஜூலை 21, மனாசஸ் சண்டையில் புகைக்கும் தூசிக்கும் நடுவில் வருவது நம்மவரா எதிரியா என்று புரியாமல் தடுமாறினார்கள். அதன் பிறகு தளபதி போரிகார்ட் தனியாக ஒரு போர்க்கொடி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் என்பவர் தேசியக் கொடிக்காக வரைந்து நிராகரிக்கப்பட்ட வடிவம் அப்படித்தான் படைக்குப் போனது. தளபதி ஜான்ஸ்டன் அதைச் சதுரமாக்கினார். 1861 நவம்பரில் வர்ஜீனியாவில் படைப்பிரிவுகளுக்கு வழங்கினார்கள்.

1863 மே 1-ல் வந்த இரண்டாவது தேசியக் கொடியில் போர்க்கொடி மூலையில் ஏறியது, மீதி முழுக்க வெள்ளை. காற்று நின்றால் சரணடையும் வெள்ளைத்துணி போலத் தெரிகிறது என்பதால் 1865 மார்ச் 4-ல் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புப் பட்டையைச் சேர்த்தார்கள். ஒரு மாதம் கழித்து தெற்கின் தளபதி லீ சரணடைந்துவிட்டார்.

இனி படம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை. முதலில் காட்சியின் வருடத்தையும் எந்தப் படை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லீயின் வடக்கு வர்ஜீனியா படை என்றால் கொடி சதுரமாக இருக்க வேண்டும். காலாட்படைக்கு 48 அங்குலம், பீரங்கிப் படைக்கு 36, குதிரைப்படைக்கு 30. கெட்டிஸ்பர்க் (1863 ஜூலை 1 முதல் 3 வரை) காட்சியில் 3 அடிக்கு 5 அடி நீள்சதுரக் கொடி பறந்தால், அது கடையில் வாங்கிய இன்றைய கொடி. நீள்சதுரப் போர்க்கொடி உண்மையிலேயே இருந்ததும் உண்டு. 1864-ல் ஜான்ஸ்டனின் டென்னசி படை பிடித்தது, கடற்படைக் கப்பல்களின் முன்கம்பத்திலும் இருந்தது. ஆகவே 1864 அட்லாண்டா காட்சியில் நீள்சதுரம் வந்தால் உடனே தப்பு என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து துணி. 1861-ல் முதலில் கொடுத்தவை பட்டு. ரிச்மண்ட் நகரில் கிடைத்த பட்டு நல்ல சிவப்பாக இல்லாததால் பல கொடிகள் ரோஜா நிறத்தில் இருந்தன. அதற்குப் பிறகு பருத்தி, அப்புறம் கம்பளி நூலில் நெய்த மெல்லிய கொடித்துணி. கம்பளிக் கொடியில் ஓரத்துணி முதலில் ஆரஞ்சு, பிறகு வெள்ளை. நட்சத்திரங்களை வெட்டி ஒட்டுத்தையல் போட்டிருப்பார்கள். திரையில் கொடி பளபளவென்று மின்னினால் அது நைலான். கம்ப ஓரத்தில் பித்தளை வளையம் தெரிந்தால் அதுவும் இந்தக் காலத்துச் சரக்கு. அந்தக் காலத்தில் துளையைச் சுற்றி நூலால் தைத்திருப்பார்கள், அல்லது கம்பம் நுழைய உறை மாதிரி மடித்திருப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியமானது: எல்லாப் படைப்பிரிவும் பெருக்கல் குறிக் கொடி பிடிக்கவில்லை. மேற்குக் களத்தில் ஹார்டி என்ற தளபதியின் படை நீலத்துணியில் நடுவே வெள்ளை வட்டம் போட்ட கொடியுடன் சண்டை போட்டது. அது திரையில் வருவது அபூர்வம், ஏனென்றால் பார்வையாளருக்கு அடையாளம் தெரியாது. ஒரே கொடியைத் திரும்பத் திரும்பக் காட்டித்தான் அதுவே 'தெற்கின் கொடி' என்று மனதில் பதிந்துவிட்டது.

---

பழையகார்பிரியன்:

தொடரைப் பத்தி நான் சொல்றேன். 1979 ஜனவரி 26-ல் சிபிஎஸ் சேனல்ல ஆரம்பிச்சு 1985 பிப்ரவரி வரை 7 சீசன். கார் 1969 மாடல் டாட்ஜ் சார்ஜர், கதவுல 01, பேரு 'ஜெனரல் லீ', அதாவது தெற்கின் தளபதி ராபர்ட் இ. லீ. ஹாரன் அடிக்கிறது 'டிக்சி' பாட்டோட முதல் 12 சுரம். அந்தப் பாட்டே 1859-ல் நியூயார்க்ல, வெள்ளைக்காரங்க முகத்துல கரி பூசிக் கறுப்பர் மாதிரி ஆடுற மேடைநிகழ்ச்சிக்காக வந்தது. அதனால கூரையை மறைச்சாலும் பேரும் ஹாரனும் அப்படியேதான் இருக்கும். "கொடியை மட்டும் எடுத்துட்டா சரியாயிடுமே"ன்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க.

கார் பறக்கிற சீன் எல்லாருக்கும் பிடிக்கும், அதோட வேலையையும் சொல்லிடுங்க. சார்ஜர்ல எஞ்சின் கனம் முழுக்க முன்னாடி. சும்மா சரிவுமேடையில ஏத்தி விட்டா மூக்கு குத்தி விழும். அதனால டிக்கியில மணல் மூட்டையோ கான்கிரீட்டோ 500 முதல் 1000 பவுண்டு வரை, அதாவது சுமார் 225 முதல் 450 கிலோ வரை ஏத்துவாங்க. அப்படியும் இறங்கும்போது சேஸிஸ் வளைஞ்சு, பெரும்பாலும் கார் அதோட முடிஞ்சுது. தொடர் முழுக்க 300 கார் கிட்ட காலி. கடைசி சீசன்ல செலவைக் குறைக்க சின்ன மாடல் காரை வச்சுப் பல தாவல்களை எடுத்தாங்க. எபிசோடு தேர்ந்தெடுக்கிறப்போ முதல் 5 எபிசோடுக்குள்ள எடுங்க. அதெல்லாம் ஜார்ஜியாவிலேயே படமாக்கினது, மண் ரோடு, ஊர்ச் சதுக்கம் எல்லாம் நிஜம். அப்புறம் படப்பிடிப்பு கலிபோர்னியாவுக்கு மாறிடுச்சு.

அந்த ஆரம்பக் கார்கள்ல இன்னொன்னும் பாருங்க: பின்கண்ணாடிக்குப் பின்னாடி பந்தயக் கட்டக்கொடியும் கன்ஃபெடரேட் கொடியும் குறுக்கே வச்ச படம் இருக்கும். அப்புறம் வந்த கார்கள்ல அதை விட்டுட்டாங்க.

---

ஞாயிறுமேட்னி:

எனக்கு இதில் வேறு கருத்து. அந்தத் தொடரில் வெறுப்புப் பேச்சு எதுவும் இல்லை. ஊழல் பிடித்த உள்ளூர்ப் பணக்காரன், அவன் சொல்படி ஆடும் ஷெரிஃப், அவர்களை ஏய்க்கும் இரண்டு சகோதர முறைப் பையன்கள், அவ்வளவுதான் கதை. பக்கத்து மாவட்டத்து ஷெரிஃப் ஒரு கறுப்பர், டான் பெட்ரோ காலி நடித்தது. அவர் முன்னால் இந்தப் பையன்களும் அடங்குவார்கள், ஹசார்ட் ஷெரிஃபும் அடங்குவார். மெக்கானிக் கூட்டராக நடித்த பென் ஜோன்ஸ் பிறகு ஜார்ஜியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர், சிவில் உரிமைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர். கொடியைக் காரிலிருந்து எடுக்கக் கூடாது என்று இன்று வரை பேசுபவர் அவர். ரசித்துப் பார்த்தவர்கள் எல்லோரையும் இனவெறியர் என்பது நியாயமில்லை. உங்கள் அறிமுக உரையில் இதையும் சேர்க்க வேண்டும்.

---

தெற்குவாசிப்பு:

ஞாயிறுமேட்னி, பார்த்தவர்கள் மேல் யாரும் பழி போட வேண்டாம் என்பதில் எனக்கும் முழுச் சம்மதம். ஆனால் "கதையில் வெறுப்பு இல்லை" என்பது ஒரு விஷயம், அந்தக் கொடி 1979-ல் எங்கெல்லாம் பறந்துகொண்டிருந்தது என்பது இன்னொரு விஷயம். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் 2015 புரியவே புரியாது.

போர் எதற்காக என்று முதலில் ஒரு வரியில் வையுங்கள். 1861 மார்ச் 21-ல் சவான்னா நகரில் கன்ஃபெடரேட் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல, அடிமையாக இருப்பதே இயல்பு என்ற கருத்துதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகச் சொன்னார். "மாநில உரிமைக்கான போர்" என்று யாராவது பேசினால், எந்த உரிமை என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார்.

போர் முடிந்த பிறகு அந்தக் கொடி பெரும்பாலும் நினைவு நிகழ்ச்சி, பழைய சிப்பாய்களின் ஊர்வலம், கல்லறை என்ற வட்டத்துக்குள்தான் இருந்தது. விதிவிலக்கு மிசிசிப்பி, 1894-லேயே தன் மாநிலக் கொடியின் மூலையில் வைத்துக்கொண்டது. அரசியலுக்குள் முழு வேகத்தில் இறங்கியது 1948-ல். ஜனநாயகக் கட்சி சிவில் உரிமைப் பக்கம் சாய்கிறது என்று தெற்கு உறுப்பினர்கள் பிரிந்து தனிக்கட்சி தொடங்கி, ஸ்ட்ரோம் தர்மண்டை அதிபர் வேட்பாளராக நிறுத்தினார்கள். அந்தக் கட்சியின் கூட்டங்களில் இந்தக் கொடிதான். 1954-ல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956-ல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியை மாற்றி, மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் இந்தப் போர்க்கொடியை வைத்தது. அது 2001 வரை இருந்தது. ஹசார்ட் மாவட்டம் கற்பனைதான், ஆனால் ஜார்ஜியாவில் இருப்பதாகத்தான் கதை. அதாவது தொடர் ஒளிபரப்பான காலம் முழுக்க அந்த மாநிலத்தின் கோர்ட்டிலும் பள்ளியிலும் அதே சின்னம் அதிகாரபூர்வமாகப் பறந்தது. காரின் கூரையை அன்றைக்குப் பலரும் கவனிக்காமல் விட்டதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான். கறுப்பர்கள் அன்றைக்கும் கவனித்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது 2015. ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், இமானுவேல் ஏஎம்இ தேவாலயத்தில் வேதப்பாட வகுப்பில் இருந்த 9 கறுப்பர்களை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அவன் இந்தக் கொடியைப் பிடித்து எடுத்துக்கொண்ட படங்கள் வெளிவந்தன. அடுத்த சில நாட்களில் வால்மார்ட், அமேசான், ஈபே விற்பனையை நிறுத்தின. கூரையில் கொடி உள்ள ஜெனரல் லீ பொம்மைக் கார்களுக்கு உரிமம் தருவதை நிறுத்துவதாக வார்னர் பிரதர்ஸ் அறிவித்தது. டிவி லேண்ட் சேனல் மறுஒளிபரப்பை எடுத்துவிட்டது. தென் கரோலினா சட்டமன்ற வளாகத்திலிருந்து ஜூலை 10 அன்று கொடி இறங்கியது. அதற்கு முன் ஜூன் 27 அன்றே ப்ரீ நியூசம் என்ற கறுப்புப் பெண் கம்பத்தில் ஏறி அதைக் கழற்றிக் கைதானார். படத்தொகுப்பில் அந்தக் காட்சியைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

அரசு தடை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் தனிநபர் அந்தக் கொடியைப் பிடிப்பதைச் சட்டம் தடுக்காது. சேனலும் கடையும் எடுத்தது அவரவர் முடிவு. ஜெர்மனி வேறு. அங்கே நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி குற்றம், கலை, கல்வி, ஆய்வு, செய்தி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வீடியோ கேம்களுக்கு அந்த விலக்கைப் பொருத்திப் பார்க்கத் தொடங்கியது 2018 ஆகஸ்டில்தான்.

இன்னொரு தகவல், கலந்துரையாடலில் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரிந்திருக்காது: ஜார்ஜியாவின் இன்றைய மாநிலக் கொடி, மேலே கொடித்துணி சொன்ன 1861-ன் முதல் கன்ஃபெடரேட் தேசியக் கொடியை அப்படியே ஒட்டியது. மூன்று பட்டை, நீலக் கட்டம், வட்டமாக 13 நட்சத்திரம், நடுவில் மாநில முத்திரை. 2003-லிருந்து பறக்கிறது. பெருக்கல் குறி இல்லாததால் பெரிதாகச் சண்டை இல்லை.

---

ஊமைப்படம்:

முதல் நாள் அமர்வைப் பற்றி யாரும் பேசவில்லை. என் பார்வையில் மூன்றிலும் அதுதான் கனமானது, ஏனென்றால் அங்கே திரை ஒரு சின்னத்தைக் காட்டவில்லை, உருவாக்கியது.

எரியும் சிலுவை என்றதும் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் நினைவுக்கு வருகிறது அல்லவா? போர் முடிந்த கையோடு தோன்றிய முதல் க்ளானுக்கு அந்த வழக்கமே கிடையாது. தாமஸ் டிக்சன் 1905-ல் எழுதிய நாவலில் வந்த கற்பனை அது. அதே நாவலிலிருந்துதான் 1915 படம் எடுக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி, கூர்முகமூடி என்பதும் படத்தால் நிலைத்ததுதான். முதல் க்ளான் ஆட்கள் கையில் கிடைத்த துணியில் விதவிதமாக வேஷம் போட்டவர்கள். படம் 1915 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் வெளியானது. அந்த வருட நவம்பரில் வில்லியம் ஜே. சிம்மன்ஸ் என்பவர் அட்லாண்டா பக்கத்தில் ஸ்டோன் மௌன்டன் பாறை மேல் சிலுவை கொளுத்தி க்ளானை மறுபடி தொடங்கினார். டிசம்பரில் படம் அட்லாண்டாவுக்கு வந்தது, அந்தப் பரபரப்பை ஆள் சேர்க்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

படம் முழுக்க 3 மணி நேரம். முழுசாகப் போடாதீர்கள். முதல் பாதியில் ஒரு போர்க்களக் காட்சி, லிங்கன் கொலைக் காட்சி, பிறகு இரண்டாம் பாதியில் சட்டமன்றக் காட்சி, க்ளான் ஆட்களின் கடைசிக் குதிரைப் பாய்ச்சல். நான்கும் சேர்த்து 25 நிமிடத்துக்குள் அடங்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். சட்டமன்றக் காட்சியை விட்டுவிட்டுக் குதிரைப் பாய்ச்சலை மட்டும் போட்டால் பெரிய ஆபத்து. மாறி மாறி வரும் வெட்டுகளில் பார்ப்பவர் மனமும் க்ளான் சீக்கிரம் வந்து சேர வேண்டுமே என்று துடிக்க ஆரம்பிக்கும். கறுப்பு உறுப்பினர்களைக் கேவலமாகக் காட்டும் அந்தச் சட்டமன்றக் காட்சியை முன்னால் வைத்தால்தான் எடிட்டிங் யாருக்காக வேலை செய்கிறது என்று பிடிபடும். வெளியான வருடமே கறுப்பர் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பு நகரம் நகரமாக எதிர்ப்புத் தெரிவித்தது. ஆகவே "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்" என்ற வாதம் நிற்காது.

---

திரைக்கழகம்_செயலர்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை விவரத்தை எதிர்பார்க்கவில்லை. பென் ஜோன்ஸ் கருத்தையும் ப்ரீ நியூசம் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டாம் நாள் படத்துக்கும் போஸ்டருக்கும் யாராவது யோசனை சொல்ல முடியுமா?

---

தெற்குவாசிப்பு:

'கான் வித் த விண்ட்' படத்துக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2020 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் என்ற ஓடிடி தளம் அதை எடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் படத்தில் ஒரு ஃப்ரேமைக்கூட வெட்டாமல் திருப்பிக் கொண்டுவந்தது. முன்னால் சினிமாப் பேராசிரியர் ஜாக்குலின் ஸ்டூவர்ட் பேசும் சுமார் நாலரை நிமிட அறிமுகம் மட்டும் சேர்த்தார்கள். நீங்களும் 5 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். படமே 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நீட்டினால் கூட்டம் கலைந்துவிடும்.

அந்த 5 நிமிடத்தில் மூன்று இடங்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். தொடக்க எழுத்துகள் அடிமை முறையையும் சேர்த்தே தெற்கை ஒரு அழகான கனவுலகம் என்கின்றன. அட்லாண்டா ரயில் நிலையக் காட்சியில் கேமரா காயம்பட்ட ஆயிரம் பேருக்கு மேல் எழும்பி, கிழிந்த கன்ஃபெடரேட் கொடியில் போய் நிற்கிறது. அந்த ஷாட்டின் இரக்கம் முழுவதும் கொடிக்குப் போய்ச் சேரும்படி அமைத்திருக்கிறார்கள். மூன்றாவது, ஆண்கள் ராத்திரியில் ஒரு 'அரசியல் கூட்டத்துக்கு'ப் போகும் காட்சி. நாவலில் அது க்ளான். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டார், செயலை விட்டுவைத்தார். இந்தப் படத்தில் நடித்த கறுப்பு நடிகை ஹாட்டி மெக்டேனியலைப் பற்றியும் ஒரு வரி: 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு, இனப்பிரிவினைச் சட்டத்தால் அவர் வர முடியவில்லை. இரண்டரை மாதத்தில் ஆஸ்கர் வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பர்.

---

கொடித்துணி:

போஸ்டருக்கு: காரைப் போடுங்கள், ஆனால் பக்கவாட்டிலிருந்து. கதவும் 01 எண்ணும் தெரிந்தால் யாருக்கும் அடையாளம் புரியும், கூரை தெரியாது. கொடியை உள்ளே அரங்கில், விளக்கத்தோடு காட்டுங்கள். தெருச்சுவரில் விளக்கம் இல்லாமல் ஒட்டினால் அது வெறும் அலங்காரமாகிவிடும். துணிக்கொடி வாங்கித் தொங்கவிடவும் வேண்டாம், கடையில் கிடைப்பது எப்படியும் நீள்சதுர நைலான்தான்.

அதற்குப் பதிலாக ஏ3 தாளில் நான்கு கட்டம் வரைந்து அரங்கு வாசலில் வையுங்கள்: 1861, 1863, 1865 தேசியக் கொடிகள் மூன்று, நான்காவதாகச் சதுரப் போர்க்கொடி. ஒவ்வொன்றின் கீழும் வருடமும் யார் பிடித்தது என்பதும். 1863 கொடியின் கீழ் இன்னொரு வரி எழுதுங்கள்: அதற்காகப் பிரச்சாரம் செய்த சவான்னா பத்திரிகை ஆசிரியர் வில்லியம் டி. தாம்சன், அதை வெள்ளையனின் கொடி என்றே தன் தாளில் எழுதினார். பெரிய எழுத்தில், ஒரு கை தூரத்திலிருந்து படிக்கும் அளவில் அச்சடியுங்கள். அறை வெளிச்சத்தில் சிவப்பும் நீலமும் மங்கும், அதனால் தாள் மினுக்கு இல்லாத மேட் ரகமாக இருக்கட்டும்.